முதல் வாய்

எங்கள் குன்றில் முகாகத்தாரே என்கிறவள் ஊறவைத்த வாழைப்பழக் கள்ளுக்கு ஈடு கிடையாது. என் கள்ளுக்கடையில் பாதி வியாபாரம் அவள் கைப்பக்குவத்தில்தான் நடந்தது. புருஷன் செத்த மறு வருஷம் பள்ளிவாசலுக்குப் போய்க் கலிமா சொல்லி, சவுதா என்று பெயர் வைத்துக்கொண்டு வந்து நின்றாள். என் வயிற்றில் மண்ணைப் போட்டாள். ஏன்டி இப்படி என்று கேட்டால் பெரிய கதை எதுவும் சொல்ல மாட்டாள்.

"தொழுதா மனசு அடங்குது கரிசாம்மா. அவ்வளவுதான்."

"உனக்கு அடங்கிடுச்சு. என் கடையுமில்ல அடங்கிப் போச்சு!"

சிரிப்பாள். கள் ஊறிய பெரிய மரத்தொட்டியைத் தேய்த்துக் கழுவிக் கொல்லையில் கவிழ்த்துப் போட்டாள். ஐந்து வேளையும் அதன்மேல் உட்கார்ந்துதான் கைகால் கழுவினாள். பழைய பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்புவாள், புதுப் பெயருக்கும் திரும்புவாள். மகள் தேத்தா மாறவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவள் மாதா கோயிலுக்குப் போகத் துணிக்கு இஸ்திரி போட்டுக் கொடுப்பதும் சவுதாதான். எதை விடுவது, எதை வைத்துக்கொள்வது என்று யாரும் அவளுக்குப் பட்டியல் போட்டுத் தரவில்லை. அன்றன்றைக்கு அவளே முடிவு செய்துகொண்டாள்.

தேத்தாவைப் பெண் கேட்டு வர மாப்பிள்ளை வீட்டார் நாள் குறித்தார்கள். அது நோன்பு மாதத்தில் விழுந்தது.

"அன்னிக்கு ஒரு நாள் மட்டும் அந்த முக்காட்ட எடுத்துடும்மா. அவங்க வீட்டுல ஏற்கெனவே ஒரு மாதிரி பேசுறாங்க" என்றாள் தேத்தா.

"அது தலையோடதான் போகும்."

ஒரு வாரம் தாயும் மகளும் பேசவில்லை. நடுவில் நான் தூது. விருந்துக்கு ஊற்ற வீட்டில் கள் கிடையாது என்று மாப்பிள்ளை வீட்டுக்குச் சொல்லி அனுப்பியதும் நான்தான். பால் போதும் என்று பதில் வந்தது. அப்பாடா என்றிருந்தது. ஒன்றை மட்டும் நாங்கள் இருவரும் யோசிக்கவே இல்லை. எங்கள் பக்கம், கொடுக்கிற வீட்டார் முதல் வாய் குடித்துக் காட்டிவிட்டுத்தான் விருந்தாளிக்கு நீட்ட வேண்டும். அதில் எதுவும் கலக்கவில்லை என்பதற்கு அதுதான் சாட்சி.

நல்ல உச்சி வெயிலில் வந்து உட்கார்ந்தார்கள். அவர்களுக்காகப் பேச வந்த கபன்தானா கிழவர் ஆரம்பித்தார். "பொண்ணு கேக்க வந்தோம், தொண்ட வறண்டு கெடக்கு. பேச்சு வெளிய வரணும்னா உள்ள ஏதாச்சும் போகணும்ல?"

சவுதா மரக் குடுவை நிறையப் புளித்த பாலோடு வந்தாள். வாயருகே கொண்டுபோனாள். அப்படியே நின்றாள்.

"குடிடி" என்றேன் பல்லைக் கடித்துக்கொண்டு.

"நோன்பு, கரிசாம்மா."

"வாயில வெச்சுட்டுத் துப்பிடு."

"இவங்க முன்னாடி துப்பவா? வெஷம்னு நானே சொன்ன மாதிரி ஆயிடும்."

ஐயோ! நான் குடித்தால் செல்லாது, நான் பக்கத்து வீட்டுக்காரி. மாப்பிள்ளையின் அத்தை நீட்டிய கையை மடக்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

"குடுக்கிற அம்மாவுக்கே எறங்கலியே" என்றாள்.

கிழவரின் சிரிப்பும் போய்விட்டது. இந்த விஷப் பேச்சு ஒரு தடவை கிளம்பினால் தேத்தாவின் கல்யாணத்தோடு நிற்காது. அப்புறம் அந்த வீட்டில் ஒருத்தர் தண்ணீர் குடிக்க மாட்டார். சவுதா மகள் இருந்த அறையை ஒரு முறை பார்த்தாள். குடுவையை உதட்டுக்கு உயர்த்தினாள். நோன்பை முறிக்கப் போகிறாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

அறைக் கதவு திறந்தது. கேட்டு முடித்துச் சம்மதம் சொல்லும்வரை பெண் வெளியே முகம் காட்டக் கூடாது. இவள் பாதி பின்னிய தலையோடு வெறுங்காலில் வந்து நின்றாள்.

"என்கிட்ட குடும்மா."

வாங்கி மடக்கென்று குடித்தாள். "எங்கம்மா நோன்பு. இது எங்க வீட்டுப் பால்" என்று அத்தைக்கு இரண்டு கையாலும் நீட்டினாள்.

அத்தையின் கை மடியிலேயே இருந்தது. பிறகு கபன்தானா தொடையைத் தட்டினார். "நான் கேக்குறதுக்குள்ள பொண்ணே வந்து நிக்குதே! மூணு நாளா மனப்பாடம் பண்ணினதெல்லாம் வீணாப் போச்சே!"

எல்லாரும் சிரித்தார்கள். அத்தை சிரிக்கவில்லை. குடுவையைப் பார்த்தாள், சவுதாவின் முக்காட்டைப் பார்த்தாள். பிறகு வாங்கிக் குடித்தாள்.

"புளிப்பு சரியா இருக்கு" என்று அடுத்தவருக்குக் கொடுத்தாள்.

கல்யாணம் நிச்சயமாகி அவர்கள் கிளம்பும்போது பொழுது சாய்ந்திருந்தது. சவுதா கொல்லையில் அந்தத் தொட்டிமேல் உட்கார்ந்து கால் கழுவினாள். தேத்தா மீதிப் பாலை எடுத்துக்கொண்டு வந்து பக்கத்தில் நின்றாள். பள்ளிவாசலில் நோன்பு திறக்கும் பாங்கு சொன்னார்கள். அவள் ஒரு வாய் குடித்துக் காட்டிவிட்டு அம்மாவிடம் நீட்டினாள்.

பெத்தவளுக்கு எதுக்குடி சாட்சி என்று கேட்க வாயெடுத்தேன். அழுகைதான் வந்தது.