பத்தாவது கையெழுத்து என்னுடையது

போன சட்டமன்றத் தேர்தலின்போது விழுப்புரம் மாவட்டத்தில் நடந்தது இது. எங்கள் வீட்டில் பேசுவது தெலுங்கு. மகளின் பள்ளியில் தெலுங்கு டீச்சர் ஓய்வு பெற்றதும் அந்த இடத்துக்கு யாரையும் போடவில்லை. மனு மனுவாகக் கொடுத்து அலுத்துப்போன அந்த டீச்சரே, சிறுபான்மை மொழிகளுக்காகப் பேசும் ஒரு சின்னக் கட்சியின் வேட்பாளராக நின்றார். பெரிய கட்சிக்கு ஒருவர் முன்மொழிந்தால் போதும். சின்னக் கட்சிக்குப் பத்துப் பேர் வேண்டும். வேட்புமனு கொடுக்கும் கடைசி நாளில் பத்தாவது கையெழுத்தை நான் போட்டேன்.

அன்று சாயங்காலமே திண்டிவனத்தில் இருக்கும் என் பஞ்சர் கடைக்கு ஒரு பெரிய கட்சியின் ஆட்கள் நான்கு பேர் காரில் வந்தார்கள். எங்கள் தெரு ஓட்டெல்லாம் அதுவரை அவர்கள் கட்சிக்குத்தான். ஒருவன் என் ஸ்டூலிலேயே உட்கார்ந்து, டயர் கழற்றும் லிவரைக் கையில் உருட்டிக்கொண்டே பேசினான்.

"நாளைக்கு பரிசீலனைல அது உன் கையெழுத்து இல்லன்னு சொல்லிடு. உன் பொண்ணு ஆட்டோலதான ஸ்கூலுக்குப் போய்க்கினு இருக்குது? டிரைவரு நம்மாளுதான்."

அவன் சத்தம்கூடப் போடவில்லை.

மறுநாள் மகளைப் பள்ளிக்கு அனுப்பவில்லை. தேர்தல் அலுவலகத்தில் அவர்களில் இரண்டு பேர் எனக்கு நேர் எதிரே உட்கார்ந்திருந்தார்கள். அதிகாரி மனுவைக் காட்டிக் கேட்டார்.

"என்னுது இல்ல சார்," என்றேன்.

வெள்ளைத்தாளில் கையெழுத்துப் போடச் சொன்னார். மாற்றிப் போட வேண்டும் என்று நினைத்துத்தான் போயிருந்தேன். அதற்கு அவசியமே இல்லை. நடுங்கிய நடுக்கத்தில் எனக்கே அடையாளம் தெரியாத கிறுக்கல்தான் விழுந்தது. மனு தள்ளுபடி ஆனது.

வெளியே டீச்சர் நின்றுகொண்டிருந்தார். திட்டுவார், அறைவார் என்று நினைத்தேன். மகளைச் சொல்லி மிரட்டியதைத் தெலுங்கில் உளறிக் கொட்டினேன். முழுவதும் கேட்டார்.

"பொண்ண பத்திரமா பாத்துக்குங்க," என்றார், தமிழில்.

அதுவரை என்னைத் தெலுங்கில் "நைனா" என்று, வீட்டுப் பிள்ளையைப் போல ஒருமையில் கூப்பிட்டவர். என்னிடம் ஒரு வார்த்தைகூடத் தமிழில் பேசியதில்லை.

இன்றும் கடைத்தெருவில் பார்த்தால் நலம் விசாரிக்கிறார், தமிழில்தான். பிள்ளையை வைத்து மிரட்டினால் எவன்தான் பயப்பட மாட்டான் என்கிறாள் மனைவி. இருக்கலாம். ஆனால் மிரட்டிய அந்தப் பொறுக்கிகளைவிட, அன்று நாற்காலியில் உட்கார்ந்து பொய் சொன்ன என் மேல்தான் எனக்கு இன்னமும் ஆத்திரம் தீரவில்லை.