நைனாவின் சாட்டை

எங்கள் ராயபுரம் சந்தில் வருஷா வருஷம் பெரிய வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஏசுவின் பாடுகளை நாடகமாகப் போடுவோம். குழு என்றால் மொத்தம் ஏழு குடும்பம். வேஷமெல்லாம் பரம்பரைச் சொத்து. அம்மாவின் தம்பி, என் மாமா வீட்டுக்குச் சிலுவை; ஏசு அவர்தான். எங்கள் வீட்டுக்குச் சாட்டை. பெயின்ட் வாளியைத் தலையில் கவிழ்த்து, மேலே துடைப்பக் குச்சி சொருகினால் நைனா ரோமச் சிப்பாய்.

எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது, கூட்டாக ஓட்டிய படகின் இன்ஜின் கெட்டுப்போனது. யாரால் கெட்டது என்று நைனாவுக்கும் மாமாவுக்கும் சண்டை. பேச்சு நின்றது. நாலு வீடு தள்ளியிருந்த தம்பி வீட்டுக்கு அம்மா போவதும் நின்றது. குழாயடியில் மாமா எதிர்ப்பட்டால் குடத்தையே பார்த்துக்கொண்டு நிற்பாள். ஒரு வருஷம் இப்படியே ஓடியது. நாடகத்தில் மட்டும் வேஷம் மாறவில்லை.

மேடைச் சாட்டை பஞ்சு நூலில் திரித்தது. சிவப்புச் சாயத்தில் முக்கி அடித்தால் வலிக்காது. முதுகில் ரத்தக் கோடு மட்டும் விழும்.

"ஒங்க நைனா பஞ்சால மாமாவுக்கு முதுகு சொறிஞ்சி வுடப் போறாருடா!" என்று சந்துப் பையன்கள் கலாய்த்தார்கள்.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. பஞ்சுச் சாட்டையை ஒளித்துவிட்டு, வலைக் கயிற்றில் மூன்று முடிச்சுப் போட்டு அதே சாயத்தில் ஊற வைத்தேன்.

மாமாவைத் தூணில் கட்டினார்கள். நைனா சாயத்திலிருந்து சாட்டையை உருவி ஓங்கினார். ஓங்கிய கை அப்படியே நின்றது. கயிற்றோடு பிழைக்கிற கைக்குக் கயிறு தெரியாதா? முடிச்சுகளை மெல்லத் தடவிப் பார்த்தார். கூட்டம் சலசலத்தது.

மாமா தலை நிமிராமலே முணுமுணுத்தார். "இன்னா மச்சான், ரோசன பண்ணிக்கினு கீற? அட்ச்சி முடி. ஜனம் பாக்குது."

முன்வரிசையில் இருந்த எனக்குக் கேட்டது. ஒரு வருஷத்துக்கு அப்புறம் மாமா நைனாவிடம் பேசிய முதல் பேச்சு அது.

நைனா கயிற்றைக் கீழே போட்டார். தூணையும் மாமாவையும் சேர்த்துக் கட்டிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். வாளி கழன்று உருண்டது. பெண்கள் மாரில் அடித்துக்கொண்டார்கள். பங்குச் சாமியாரே கண்ணைத் துடைத்தார். மறு வருஷம் நாடக நோட்டில் "சிப்பாய் அழுகிறான்" என்று எழுதியே விட்டார்கள். இப்போது வாளி என் தலையில். மாமா மகன் தூணில். சரியான இடத்தில் அழுதுவிடுகிறேன்.

அன்றைக்கு, கயிற்றை யார் மாற்றியது என்று நைனா கேட்கவே இல்லை. அம்மா கோயில் கஞ்சியைத் தூக்குச் சட்டியில் வாங்கிக்கொண்டு தம்பி வீட்டுக்கு ஓட்டமும் நடையுமாகப் போனாள். நான் மாடிப்படிக்குக் கீழே உட்கார்ந்து தேம்பிக்கொண்டிருந்தேன். அவ்வளவு நல்ல கயிறு கொடுத்தும் நைனா தோற்றுவிட்டாரே என்று.