எந்த ஊர்ப் புழு

இலங்கையில், உக்குவளைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்தில், கூலிகளின் வரிசை வீடுகளான லயங்களில் இந்த மாதம் ஆளுக்கொரு தகர டப்பா கொடுத்தார்கள். அரிசிக்கோ மாவுக்கோ அல்ல. அவரவர் மலத்தை அதில் போட்டு மூடி, மறுநாள் காலை டிஸ்பென்சரியில் கொண்டுபோய் வைக்க வேண்டும். ஊரில் இருக்கிற நீங்கள் இதைப் படித்து மூக்கைப் பிடிப்பீர்கள். பிடியுங்கள். கையில் டப்பாவோடு நின்ற எங்களுக்கு அதற்கும் வழியில்லை.

கொக்கிப்புழுவுக்குக் கொழும்பில் புது மருந்து செய்கிறார்களாம். நாய்களுக்குக் கொடுத்துப் பார்த்தாயிற்று, அடுத்தது நாங்கள். டப்பாவில் புழு முட்டை இருந்தால்தான் மருந்து. குடித்த பிறகு மறுபடியும் டப்பா, புழு செத்து விழுந்ததா என்று பார்க்க. இவ்வளவு அக்கறை உள்ளவர்கள் லயத்துக்கு ஒரு கக்கூஸ் கட்டவில்லை. தேயிலைக்குள் ஒதுங்குகிறோம், அதே மண்ணில் வெறுங்காலோடு கொழுந்து பறிக்கிறோம், கால் வழியே புழு ஏறுகிறது. டிஸ்பென்சரி டாக்டரே இதைச் சொன்னார். சொல்லிவிட்டு டப்பாவைக் கொடுத்தார்.

என் மனைவி செல்லம்மாவுக்கு அந்த மருந்து கிடைத்தே ஆக வேண்டும். புழு ரத்தம் குடித்து உதடு வெளுத்து, மேடு ஏறினால் மூச்சு வாங்கி, அடுப்பு மண்ணைச் சுரண்டித் தின்றுகொண்டிருந்தாள். போன மழையில் இப்படி வெளுத்திருந்த ஒருத்தி, கொழுந்துக் கூடையோடு உட்கார்ந்தவள், எழுந்திருக்கவே இல்லை. ஆனால் செல்லம்மாவின் டப்பாவில் முட்டை இல்லை, மருந்தும் இல்லை என்றார்கள். வீட்டுக்கு வந்து கேட்டேன்.

"ஆம்பளைங்க நிக்கிற வழியில அதத் தூக்கிட்டு எப்புடிங்க போவேன்? பக்கத்துக் காம்பரா பொன்னி புள்ளையோடத வச்சுட்டேன். நான் மட்டுமா, பொம்பளைங்க எல்லாருந்தான்."

பக்கத்து அறைப் பொன்னியின் பிள்ளை இன்னும் மண்ணில் கால் வைக்காத கைக்குழந்தை. எங்கள் லயத்துப் பெண்களுக்குப் புழுவே இல்லை என்று டாக்டர் நம்பியிருப்பார்.

ராமநாதபுரத்தில் எங்கள் வீட்டு ஆண்கள் பெற்ற பிள்ளையின் பீத்துணியைக்கூடத் தொடமாட்டார்கள். நானும் அப்படி வளர்ந்தவன்தான். டாக்டரிடம் கெஞ்சிச் செல்லம்மாவுக்கு இன்னொரு டப்பா வாங்கினேன். மறுநாள் அதை நானே தூக்கிக்கொண்டு போனேன்.

"என்ன மாப்ள, பொண்டாட்டிக்குச் சீர்வரிசையா?" என்றார் எங்களை வேலை வாங்கும் கங்காணி.

"ஆமாங்க கங்காணி. ஒங்க வீட்டுச் சீர் எப்ப வருது?"

என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தவர்கள் அவரைப் பார்த்துச் சிரித்தார்கள்.

மருந்து கிடைத்தது. செல்லம்மா ஒரு பகல் முழுதும் தலைசுற்றிக் கிடந்தாள். புழுக்கள் விழுந்தன. டாக்டர், கொஞ்சம் தமிழ் தெரிந்த சிங்களவர், அவற்றைக் கண்ணாடிப் போத்தலில் போட்டு வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார். "இது இந்தியா புழு. நீங்க கொண்டு வந்தது."

செல்லம்மா இந்தத் தோட்டத்தில் பிறந்தவள் என்றேன். நான் நன்றி சொல்வதாக நினைத்துக்கொண்டு தலையாட்டினார்.

கல்யாணமானதும் அவளை ஒரே ஒரு தடவை ராமநாதபுரத்துக்குக் கூட்டிப்போனேன். என் அண்ணி அவளுக்குச் சிரட்டையில் தண்ணீர் கொடுத்தாள். இங்கிருந்து கொண்டுவரும் கண்டிச் சீக்கு பிள்ளைகளுக்கு ஒட்டிக்கொள்ளுமாம்.

போத்தல் ரயிலேறிக் கொழும்புக்குப் போயிற்று. மறுநாள் விடியும் முன்பே செல்லம்மா எழுந்தாள். கதவைத் திறந்து, வெறுங்காலோடு, அதே தேயிலைக்குள் ஒதுங்கப் போனாள்.