சின்ன பி.எஸ்சி. பொங்குது

இன்று காலை பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்துவிட்டது. குழாயில் தண்ணீர் வருகிற நாள். பின்வாசலில் டிரம்முக்குள் டியூபை விட்டு, அது துள்ளி வெளியே வந்துவிடாமல் ஒரு காலால் மிதித்துக்கொண்டு நின்றிருந்தேன். வாசனை வந்த பிறகுதான் அடுப்பு ஞாபகம் வந்தது. அதுவும் உடனே இல்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் கருகின பால் வாசனையை வைத்து யார் வீடு என்று சொல்லிவிட முடியாது. எந்தத் தெருவில் நின்றாலும் பக்கத்தில் எங்கோ பால்கோவாவுக்குப் பால் வற்றிக்கொண்டுதான் இருக்கும். பாவம், யாரோ அடிபிடிக்க விட்டுவிட்டார் என்று ஒரு கணம் அந்த முகம் தெரியாத மனிதருக்காகப் பரிதாபப்பட்டேன். பார்த்தால் நான்தான்.

அடுப்பைத் துடைத்துவிட்டு மாரீஸ்வரிக்குப் போன் செய்தேன். மாரீஸ்வரி என் மனைவி. இப்போது நீலகிரிப் பக்கம் ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸாக இருக்கிறாள். போனில் அவள் சொன்னது ரொம்பச் சின்ன விஷயம். ஆனாலும் எடுத்தவுடன் சொன்னால் உங்களுக்கு விளங்காது. முதலில் பாத்திரத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

கல்யாணத்துக்குக் கொடுக்கிற பாத்திரங்களில் பேர் வெட்டுவது நம் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். எங்கள் அய்யா ராஜபாளையம் பாத்திரக்கடையில் எனக்காக ஒரு பெரிய தேக்சாவும் ஒரு சின்னப் பால்சட்டியும் வாங்கினார். கூட நானும் போயிருந்தேன். பேர் வெட்டுகிறவர் கையில் மிஷினை வைத்துக்கொண்டு, "பேரு மட்டும் போதும்லா?" என்று கேட்டார்.

"பேரு எல்லாருக்குந்தான் இருக்கு அண்ணாச்சி. பட்டத்தைப் போடுங்க," என்றார் அய்யா.

"பாத்திரத்துலயா?"

"பின்ன எதுல போட? நெத்தியில போட்டா அழிஞ்சிருதுல்ல?"

நான் கூச்சத்தில் தொங்குகிற கரண்டிகளை எண்ணுவதுபோல மேலே பார்த்தேன். மிஷின் ர்ர்ர் என்று இரைந்தது. இரண்டு பாத்திரத்திலும் என் பெயருக்குப் பின்னால் பி.எஸ்சி. என்று புள்ளி புள்ளியாக விழுந்தது. அய்யாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. சோழபுரத்தில் அடுத்தவர் தோட்டங்களில் கிணறு வெட்டியும் வரப்பு வெட்டியும்தான் என்னைப் படிக்க வைத்தார். எங்கள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். அவர் பாத்திரத்தைக் கையில் வாங்கி, எழுத்தைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்துவிட்டு என்னிடம், "நேராத்தானல இருக்கு?" என்று கேட்டார். நேராகத்தான் இருந்தது.

அந்தத் தேக்சாவால்தான் முதல் நாளே வம்பு வந்தது. நான் ராஜபாளையத்தில் நூல் மில்லில் தரம் பார்க்கிற லேபில் வேலை பார்க்கிறேன். மாரீஸ்வரி அப்போது ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் இருந்தாள். நைட் டியூட்டி முடிந்து வருகிறவள் பஸ்ஸில் தூங்கி வழியக் கூடாது என்று இங்கேயே வாடகைக்கு வீடு பிடித்தோம். முன்பகுதியில் வீட்டுக்கார சரோஜாம்மா, பின்பகுதியில் நாங்கள். குடி போகிற அன்றைக்குப் பால் காய்ச்ச வேண்டும், அது பொங்கி வழிய வேண்டும், அவ்வளவுதான் சடங்கு. அய்யா விடவில்லை. "பெருசுல காய்ச்சுங்க. அம்புட்டுப் பேரும் பாக்கட்டும்," என்று தேக்சாவைத் தூக்கி அடுப்பில் வைத்து, எழுத்து இருக்கிற பக்கம் கூட்டத்தைப் பார்க்கும்படி திருப்பியும் விட்டார்.

பத்துப் படி பொங்கல் வைக்கிற பாத்திரத்தில் ஒரு பாக்கெட் பால். அது அடியில் கோலம் போட்ட மாதிரி கிடந்தது. கொதித்தது, நுரைத்தது, ஆடை கட்டியது, பாதி ஆவியாகவும் போனது. பொங்க மட்டும் இல்லை. மகாராஜபுரத்திலிருந்து வந்திருந்த என் மாமியார் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். வீட்டில் தெலுங்கு பேசுகிற சரோஜாம்மா எட்டிப் பார்த்து, "அய்யோ, பொங்கலேதே!" என்று மெதுவாகச் சொன்னார். அதற்கு யாரும் மொழிபெயர்ப்புக் கேட்கவில்லை.

நான் சும்மா இருந்திருக்கலாம். "பாத்திரம் அகலம், பாலோட பரப்பு ஜாஸ்தி, அதான் நுரை மேல ஏற மாட்டேங்குது," என்று விளக்கம் சொன்னேன்.

"ஏலே, நீதான படிச்சவன். பொங்க வையேன்," என்றார் அய்யா.

கூட்டம் சிரித்தது. அப்போதுதான் மாரீஸ்வரி பட்டுச்சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு முன்னால் வந்தாள். "செத்த நேரம் எல்லாரும் சும்மா இருங்க," என்று சொல்லிவிட்டு, மிச்சப் பாலைப் பால்சட்டியில் ஊற்றி, இன்னொரு பாக்கெட்டையும் வெட்டி விட்டு அடுப்பை ஏற்றினாள். புஸ்ஸென்று பொங்கியது. எல்லோரும் குலவை போட்டார்கள். அன்றைக்கு அவள் வைத்த பெயர்தான் பெரிய பி.எஸ்சி., சின்ன பி.எஸ்சி. "பெரிய பி.எஸ்சி. வேலைக்கு ஆகாது, சின்ன பி.எஸ்சி. தான் காரியக்காரன்," என்று என் காதில் சொன்னாள். மாமியார் மட்டும் கிளம்பும்போது மகளிடம், "மொதல்ல பொங்காதது பொங்காததுதான்டி. அவிய படிச்சவிய, சொன்னா கேக்க மாட்டாக. நீ கோயில்ல ஒரு வெளக்குப் போட்டுரு," என்றது எனக்குக் கேட்டது. நான் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன். பரப்பளவு புரியாதவர்கள்.

எனக்கு வீட்டில் குடியிருக்கத் தெரியாது என்பது அதற்குப் பிறகுதான் தெரிந்தது. ஆறாம் வகுப்பிலிருந்து ஹாஸ்டல். சாப்பிட்டவுடன் என் தட்டை மட்டும் கழுவி, துடைத்து, பெட்டிக்குப் பக்கத்தில் செருகி வைப்பேன். விட்டால் எவனாவது எடுத்துக்கொண்டு போய்விடுவான். கல்யாணமாகி இரண்டு வாரம் கழித்து மாரீஸ்வரி கட்டிலுக்கு அடியில் பெருக்கும்போது என் தட்டு விளக்குமாற்றில் தட்டுப்பட்டது.

"ஏங்க, இது என்னது?"

"தட்டு."

"தட்டுன்னு தெரியுது. நான் என்ன வார்டனா? எதுக்கு எனக்குப் பயந்து ஒளிச்சு வைக்கிறீக?"

அன்றையிலிருந்து இரண்டு தட்டும் ஒன்றாகவே கழுவப்பட்டன. கழுவியது பெரும்பாலும் நான்தான் என்பதையும் இங்கே சொல்லிக்கொள்கிறேன்.

இரண்டு பேருக்கும் ஷிப்ட். அவள் வரும்போது நான் கிளம்புவேன், நான் வரும்போது அவள் தூங்குவாள். மில்லிலிருந்து வந்தால் என் தலையிலும் புருவத்திலும் பஞ்சு ஒட்டியிருக்கும். அவள் அதை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு, "இந்த வாரம் நல்லா நரைச்சிருச்சு," என்பாள். அவள் கையில் எப்போதும் டெட்டால் வாசனை. இன்றைக்கும் எங்காவது டெட்டால் வாசனை வந்தால் எனக்குப் புருவம் கூசும். ஆஸ்பத்திரி வாசலில் நின்று ஒருவன் புருவத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தால் அது நான்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இருவரும் விழித்திருக்கிற நேரம் ஒன்றுதான், காலைக் காப்பி நேரம். ஒருவருக்கு நாள் முடிந்திருக்கும், மற்றவருக்கு ஆரம்பித்திருக்காது. அடுப்பில் பாலை வைத்துவிட்டு வாசல்படியில் உட்கார்ந்து வார்டில் நடந்ததை அவள் சொல்வாள். நான் நூல் அறுந்த கதையைச் சொல்வேன். பேச்சு சுவாரசியத்தில் பால் பொங்கப் போகும். இரண்டு பேரில் யார் முதலில் பார்த்தாலும், "சின்ன பி.எஸ்சி. பொங்குது!" என்று கத்த வேண்டும். மற்றவர் ஓடிப்போய் இறக்க வேண்டும். யாரும் வகுக்காத சட்டம் இது, எப்படி வந்தது என்றும் ஞாபகமில்லை. ஒருநாள் அவள் கத்தினது முன்வீட்டுக்குக் கேட்டு, சரோஜாம்மா என்னிடம், "என்ன தம்பி, தினமும் காலையில படிப்பைச் சொல்லித் திட்டுது?" என்று விசாரித்தார். மாரீஸ்வரி சிரிப்பை அடக்க முடியாமல் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அவளும் பி.எஸ்சி. தானே, நர்சிங். அவள் பேரில் ஒரு பாத்திரமும் இல்லையே என்று ஒருநாள் எனக்குத் தோன்றியது. அதே கடைக்குப் போனேன். பெரியதாக வாங்கினால் பொங்காது என்று பாடம் கற்றிருந்ததால் ரொம்பச் சின்னச் சட்டியாக வாங்கினேன். மாரீஸ்வரி, பி.எஸ்சி., நர்சிங் என்று வெட்டச் சொன்னேன். எழுத்து சட்டியைச் சுற்றி வந்து, கடைசி எழுத்து முதல் எழுத்தில் இடித்துக்கொண்டு நின்றது. அவள் அதைக் கையில் வைத்துச் சுற்றிச் சுற்றிப் படித்தாள். "எங்க ஆரம்பிக்குது, எங்க முடியுதுன்னே தெரியல," என்று சொல்லிவிட்டு அலமாரியில் மேல்தட்டில் வைத்தாள். "இதுல காய்ச்ச வேண்டாம். புதுசாவே இருக்கட்டும்."

அது அடுப்பேறியது நீலகிரியில்தான்.

அரசாங்க வேலை வந்தபோது வேண்டாம் என்று சொல்ல எங்கள் இரண்டு வீட்டிலும் யாருக்கும் நாக்கு எழவில்லை. எனக்கும்தான். எங்கள் அய்யா தெருவில் பார்த்தவர்களிடமெல்லாம், "மருமக கவர்மென்ட்டு," என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு வருஷத்தில் மாறுதல் வாங்கிவிடலாம் என்று எல்லோரும் சொன்னார்கள். கிளம்புவதற்கு முந்தின நாள் அவள் சாமான் கட்டிக்கொண்டே, "ரெண்டு வீட்டுக்கும் பங்கு போடற மாதிரி இருக்குல்ல?" என்றாள். நான் கயிற்றை இழுத்துக் கட்டிக்கொண்டே, "ஒரு வருஷந்தான," என்றேன். தன் பேர் போட்ட சட்டியைச் சேலைகளுக்கு நடுவில் வைத்துக்கொண்டாள். இரண்டு பி.எஸ்சி.களையும் என்னிடம் விட்டாள்.

நானும் கூடப் போய் இறக்கிவிட்டு வந்தேன். குவார்ட்டர்ஸில் பால் காய்ச்சினோம். இரண்டு பேர் மட்டும், குலவை போட ஆள் இல்லை. சின்னச் சட்டி, முதல் தடவையிலேயே பொங்கி நாலு பக்கமும் வழிந்தது. அவள் கைதட்டினாள். நானும் சேர்ந்து தட்டினேன். திரும்பி வருகிற பஸ்ஸில், மலை இறங்குகிற வளைவுகளில், மாமியார் சொன்னது ஞாபகத்துக்கு வந்தது. அறிவியல் படித்தவன் அதையெல்லாம் நினைக்கக் கூடாது. வத்தலக்குண்டு வரைக்கும் நினைத்துக்கொண்டே வந்தேன்.

வருஷம் ஒன்று போய் இரண்டாவதும் முடியப் போகிறது. எங்கள் மாவட்டத்தில் காலியிடம் இல்லை. ஆரம்பத்தில் தினமும் காலையில் போனை ஸ்பீக்கரில் போட்டு அடுப்புக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்வோம். அங்கிருந்தபடியே அவள், "சின்ன பி.எஸ்சி.யைப் பாத்துக்கோங்க," என்பாள். பிறகு அவளுக்குக் காலையில் கிராமங்களுக்குத் தடுப்பூசிக்குப் போக வேண்டியதாயிற்று. போன் மதியத்துக்கு மாறியது. பிறகு சாயங்காலத்துக்கு.

போன மாதம் அங்கே போயிருந்தேன். வீட்டை அழகாக வைத்திருக்கிறாள். சன்னலில் பூத்தொட்டி, கதவில் கம்பளித் திரை. பக்கத்துக் குவார்ட்டர்ஸ்காரர்கள், "சிஸ்டர் வீட்டுக்காரர் வந்திருக்கார்," என்று எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். எனக்குப் பூப்போட்ட கப்பில் காப்பி வந்தது. அது விருந்தாளிக் கப். சர்க்கரை போதவில்லை. எழுந்துபோய் அடுப்படியில் தேடினேன், டப்பா எங்கே இருக்கிறதென்று தெரியவில்லை. "நீங்க உக்காருங்க, நான் எடுக்கேன்," என்று வந்து, என்னைத் தாண்டிக் கையை நீட்டி எடுத்தாள். சாப்பிட்டு முடித்ததும் என் தட்டை மட்டும் கழுவித் துடைத்தேன். எங்கே வைப்பது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றேன்.

"பேசாம நீங்க இங்க வந்துருங்களேன்," என்றாள் ராத்திரி. அங்கே மில் கிடையாது. தேயிலையைத் தரம் பார்க்க எனக்குத் தெரியாது. இதை நான் சொல்லவில்லை, அவளுக்கும் தெரியும். "அந்த வீட்டை என்ன பண்றது?" என்று கேட்டேன். அவள் என் புருவத்தில் ஏதாவது இருக்கிறதா என்று பார்த்தாள். இரண்டு நாள் மில்லுக்குப் போகாதவன் புருவத்தில் பஞ்சு ஏது.

இனி இன்று காலைக்கு வருகிறேன். அடுப்பைத் துடைத்துவிட்டு, பழைய வழக்கப்படி காலையிலேயே போன் செய்தேன். எடுத்துவிட்டாள். பின்னால் ஜீப் உறுமுகிற சத்தம், யாரோ "சிஸ்டர், சிஸ்டர்" என்று கூப்பிடுகிற சத்தம்.

"சொல்லுங்க, என்ன இந்நேரத்துல?"

"சின்ன பி.எஸ்சி. பொங்கிருச்சு," என்றேன்.

"எது?"

"சின்ன பி.எஸ்சி."

"யாருங்க? யாருக்கு என்ன?" அவள் குரலில் நர்ஸின் பதற்றம் ஏறிவிட்டது.

பால்சட்டி என்று சொன்னேன்.

"ஓ, பாலா! நான் பயந்தே போயிட்டேன். அடுப்பைச் சிம்ல வச்சிருக்கலாம்ல? சரி, வண்டி வந்துருச்சு, பொறவு பேசறேன்."

சாயங்காலம் அவளே கூப்பிடுவாள். பேச்சுக்கு நடுவில் சட்டென்று ஞாபகம் வந்து சிரிப்பாள், எனக்குத் தெரியும். நானும் சிரிப்பேன்.

சட்டியைத் தேங்காய் நார் போட்டுத் தேய்த்தேன். பளபளவென்று வந்துவிட்டது, எழுத்துப் புள்ளிகளுக்குள் போன கருப்பு மட்டும் வரவில்லை. பின்வாசலில் டிரம் எப்போதோ நிறைந்து, தண்ணீர் வழிந்து ஓடிக்கொண்டிருந்தது. அதையும் யாரும் கத்திச் சொல்லவில்லை.