மிளகாய்ப்பொடி தடவிய தோசை

தென்காசியிலிருந்து குற்றாலம் போகும் பேருந்தில் அவர் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். ஒட்ட வெட்டிய நரைமுடியும் நிமிர்ந்த முதுகுமாக, பட்டாளத்தில் இருந்தவர் என்று பார்த்தாலே தெரிந்தது. மடியில் ஒரு எவர்சில்வர் டப்பா. அதை நிமிடத்துக்கு ஒருமுறை திறந்து தொட்டுப் பார்ப்பதும் மூடுவதுமாக இருந்தார். சீசன் கூட்டத்தில் வண்டி நகரவே இல்லை.

"அவசரமா அண்ணாச்சி?" என்றேன்.

"வீட்டுக்காரி போலீஸ்ல இருக்கா. இன்னைக்கு மெயினருவியில டூட்டி. காலையில சாப்பிடாமப் போயிட்டா. போன் போட்டா எடுக்க மாட்டேங்கா."

"ஏன், என்ன கோபம்?"

"நேத்து அவ வச்ச குழம்பைக் குறை சொல்லிட்டேன். அதான் நானே தோசை சுட்டு, மிளகாப்பொடி தடவி எடுத்துட்டுப் போறேன். இங்கன கிடந்தா ஆறிப் போயிருமே!"

அதற்குமேல் அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. பாதி வழியிலேயே இறங்கி நடந்துவிட்டார்.

நான் மெயினருவிக்குப் போனபோது, அவர் மனைவி, அந்தப் போலீஸ்கார அம்மாள், விசில் ஊதிக் கூட்டத்தை ஒதுக்கிக்கொண்டிருந்தார். கூப்பிடத் தைரியமில்லாமல் இவர் ஓரமாகக் கால் மாற்றி மாற்றி நின்றார். கடைசியில் அந்த அம்மாளே பார்த்துவிட்டு வந்து, டப்பாவை வாங்கித் திறந்தார்.

"நீங்க சாப்டீங்களா?"

"ஆச்சு, ஆச்சு."

"பொய் சொல்லுதீங்க."

அந்த அம்மாள் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, முதல் துண்டைப் பிய்த்து அவர் வாயில் வைத்தார். அவர் அவசரமாக மென்று விழுங்கினார்.

அவ்வளவு நேரம் தோளோடு தோள் உட்கார்ந்திருந்தும், அந்த மனிதரின் பட்டினி எனக்குத் தெரியவில்லை. அந்த அம்மாளுக்கு முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது.