பழம், பளம், பயம்

மயிலாப்பூர் குளத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் இருக்கிற சின்னப் பள்ளியில், யு.கே.ஜி. ஆசிரியையாகச் சேர்ந்த முதல் நாள், கூச்சல் போட்டுக்கொண்டிருந்த பிள்ளைகளைப் பார்த்து "கதைக்காதேங்கோ" என்றேன். வகுப்பு அப்படியே அடங்கியது. எல்லோரும் சப்பணம் கட்டி உட்கார்ந்து என் முகத்தையே பார்த்தார்கள். என் சொல்லுக்கு இத்தனை மரியாதையா என்று நான் மகிழ்ந்து முடிப்பதற்குள், "இன்னா கதை மிஸ்?" என்று முன்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. திருகோணமலையில் கதைப்பது என்றால் பேசுவது. இங்கே கதை என்றால் கதைதான். வேறு வழியில்லாமல் அன்று ஒரு முயலைப் பற்றிச் சொல்லிச் சமாளித்தேன். ஊரிலிருந்து இதை வாசிக்கிற நீங்கள் சிரிப்பீர்கள். தமிழ் பேசுகிற இடத்துக்குத்தானே கலியாணம் கட்டிப் போகிறாய், உனக்கு என்ன கரைச்சல் என்று சொல்லி அனுப்பியவர்கள்தானே நீங்கள்.

கணவர் வீடு ஆதம்பாக்கத்தில். காலையில் வேளச்சேரிக்குப் போய்ப் பறக்கும் ரயிலைப் பிடிப்பேன். மொட்டைமாடிகளின் உயரத்தில் அது மிதந்து போகும். காயும் சேலைகளும் தண்ணீர்த் தொட்டிகளும் ஜன்னலோரம் நழுவும்போது கண் தானாகச் செருகும். அந்த அரைத்தூக்கத்தில் நான் திருகோணமலையில் படிப்பித்த பழைய முன்பள்ளியில் இருப்பேன். அங்கே பிள்ளைகளைக் கடற்கரைக்குக் கூட்டிப்போய் ஈர மணலில் 'அ' எழுத வைப்போம். விரல் மணலுக்குள் புதையும், நகக்கண்ணில் மண் ஏறும். எழுத்து என்பது கையில் ஒட்டுகிற ஒரு பொருள் என்றே அப்போது நினைத்திருந்தேன்.

மயிலாப்பூர்ப் பள்ளியில் எழுத்து கண்ணாடிக்குள் இருந்தது. யாரோ நன்கொடையாகக் கொடுத்த டேப்லெட்டுகள். மதியச் சாப்பாட்டுக்கு முன் அவற்றை எடுத்துப் பிள்ளைகள் கையில் கொடுப்போம். வெயிலுக்காகத் திரைச்சீலை போட்ட அறையில் அந்த வெளிச்சம் முகங்களின் மேல் நீலமாகப் படியும். ஒரு படம் வரும், அதன் கீழே எழுத்து வரும். பிள்ளை அந்தச் சொல்லைச் சொல்ல வேண்டும். சரியாகச் சொன்னால் ஒரு மயில் தோகை விரிக்கும். தவறினால் மயில் தலையைத் தொங்கப்போட்டுக்கொள்ளும். "மறுபடியும் சொல்லுங்கள்" என்று ஒரு பெண்குரல் கனிவாகக் கேட்கும். மாத முடிவில் ஒவ்வொரு பிள்ளைக்கும் அதுவே ரிப்போர்ட் போட்டுவிடும்.

யமுனாவின் ரிப்போர்ட் முழுக்கச் சிவப்பு. வகுப்பில் அவள் வாயே திறப்பதில்லை. முன்பு அடையாற்றங்கரையில் குடியிருந்த குடும்பம் அவளுடையது. குடிசைகளை எடுத்துவிட்டு அவர்களைப் பெரும்பாக்கத்து அடுக்குமாடிக்கு அனுப்பிவிட்டார்கள். அம்மா செல்வி மயிலாப்பூரில் வீட்டு வேலை செய்ய விடியலில் பஸ் ஏறுவாள், கூடவே மகளையும் கூட்டி வருவாள். தலைமை ஆசிரியை கோமதி மேடம், யமுனாவை இன்னொரு வருஷம் யு.கே.ஜி.யிலேயே வைக்கலாம் என்றார். அதைக் கேட்டதும் செல்வி என்னிடம் வந்தாள்.

"டீச்சர், இவள மறுக்கா இதே கிளாஸ்ல குந்த வெச்சா இவ அப்பா உடமாட்டாரு. பெரும்பாக்கத்துலயே எங்கனா சேத்துடலாம்னு சொல்லிக்கினே கீறாரு. நான் வேலைய முடிச்சினு போறதுக்குள்ள இருட்டிடும். அதுவரிக்கும் இத்த யாரு பாத்துக்குவா?"

மறுநாள் யமுனாவின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். திரையில் ஒரு மாம்பழம், கீழே 'பழம்'. அவள் உதடு மட்டும் அசைந்தது. கெஞ்சிக் கேட்ட பிறகு, "பயம்" என்றாள். மயில் தலையைத் தொங்கப்போட்டது. எப்படிச் சொல்ல வேண்டும் என்று காட்டுவதற்காக நானே குனிந்து சொன்னேன். மயில் எனக்கும் தலையைத் தொங்கப்போட்டது. எங்கள் ஊர் வாயில் ழகரம் வராது என்பது உங்களுக்குத் தெரியும். நான் சொன்னது 'பளம்'. இன்னொரு முறை சொன்னேன். "மறுபடியும் சொல்லுங்கள்" என்றது அந்தக் கனிவான குரல்.

யமுனா முதன்முறையாக என்னை நிமிர்ந்து பார்த்தாள். "மிஸ், உனுக்கும் வர்லியா?"

"வரேல்லையடா."

அவள் வாயைப் பொத்திக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தாள். அன்று பள்ளி விடும் வரை, என்னைப் பார்க்கும்போதெல்லாம் அந்தச் சிரிப்பு வந்தது.

அந்த டேப்லெட்டில் இன்னொரு வசதியும் இருந்தது, யாரும் தொடாதது. நாமே படம் வைத்து, நம் குரலைப் பதிந்து, கீழே எழுத்தைப் போட்டு ஒரு பக்கம் செய்துகொள்ளலாம். பிள்ளைகளை அதில் விட்டேன். செருப்பு, டிபன் பாக்ஸ், குளத்து வாத்து என்று பக்கங்கள் பெருகின. வீட்டைப் படமெடுத்த ஒருவன் "இது எங்காம்" என்று பதிந்தான். மயில் இல்லை, சிவப்பும் இல்லை. தொட்டால் அவரவர் குரலே திரும்பி வந்தது. யமுனா, பஸ் பாலத்தில் போகும்போது அம்மாவின் செல்போனில் எடுத்த படத்தைக் கொண்டுவந்தாள். அவர்கள் குடிசை இருந்த ஆற்றோரத்தில் ஒரு நீள மதில், கொஞ்சம் புல். "இது எங்கூடு" என்று பதிந்தாள். நான் கீழே 'வீடு' என்று போட்டேன். அவள் எழுத்தின் மேல் விரலை ஓட்டி, "வூ... டு" என்று தானாகவே படித்தாள். அதன் பிறகு நாள் முழுக்கப் படித்தாள். மற்றவர்களுடைய பக்கங்களையும், குரலைத் தட்டாமலே, உதட்டுக்குள் முணுமுணுத்து.

கோமதி மேடத்திடம் போனேன். "மேடம், அவ வாசிக்கிறா. மெஷினுக்கு அவ வாய்தான் கேக்குது, அவ கண் வாசிக்கிறது தெரியேல்ல."

"நானும் பாத்துண்டுதான் இருக்கேன். ஆனா மத்த பேரன்ட்ஸ் கேட்டா என்ன சொல்றது?" என்றார். என் முகத்தைப் பார்த்தாரோ என்னவோ, எழுந்து வகுப்புக்கு வந்தார். சாக்பீஸ் எடுத்துப் பலகையில் 'மாடு' என்று எழுதினார். அது யாருடைய பக்கத்திலும் இல்லாத சொல்.

யமுனா என் சேலை நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "மா..." என்றாள். நிறுத்தினாள். "டு. மாடு."

மேடம் அடுத்து 'பழம்' என்று எழுதினார். யமுனா உடனே சொன்னாள்: "பயம்."

"பயமா? எதுக்குடீ பயம்?"

"சாப்ட்ற பயம் மேடம். மஞ்சா கலர்ல கீமே."

கோமதி மேடம் பலகை பக்கம் திரும்பிக்கொண்டார். முதுகு குலுங்கியது. திரும்பியபோது கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். "ரிப்போர்ட்டுக்குக் கீழ நானே எழுதிக் கையெழுத்துப் போட்டுடறேன். ஒண்ணாவதுக்குப் போகட்டும்" என்றார். செல்வியிடம் சொன்னபோது அவள் மகளின் தலையைத் தடவித் தடவி, போட்டிருந்த பின்னலையே கலைத்துவிட்டாள்.

இந்தப் பக்கங்களைப் பற்றித் திருகோணமலையில் இருக்கிற அக்காவிடம் சொல்லியிருந்தேன். கோடை விடுமுறைக்காகப் பள்ளி மூடுகிற வாரத்தில், அவள் தன் மகனைக் கொண்டு ஒரு பக்கம் செய்து அனுப்பினாள். நாங்கள் பிறந்து வளர்ந்த வீட்டின் படம். அப்பா போன பிறகு விற்றுவிட்டோம். வாசல் படலைக்கு நீலப் பெயின்ட் அடித்திருந்தார்கள். கொடியில் யாருடைய சட்டைகளோ காய்ந்தன. "இது சித்தின்ர வீடு" என்றது குழந்தைக் குரல்.

மதியத் தூக்க நேரம். மற்றப் பிள்ளைகள் பாயில் தூங்க, யமுனா மட்டும் என் மடியோரம் விழித்திருந்தாள்.

"இது உன் வூடா மிஸ்?"

"ஓம். முந்தி."

"இப்ப உள்ள யாரு கீறாங்க?"

"வேற ஆக்கள்."

"எங்கூட்ல யாருமே இல்ல மிஸ். செவுருதான் கீது" என்றாள். எனக்கு ஆறுதல் சொன்னாளா, தன் கணக்கைச் சொன்னாளா, தெரியவில்லை.

பிறகு அவள் இரண்டு பக்கங்களையும் விரலால் மாற்றி மாற்றித் தள்ளத் தொடங்கினாள். மதில், படலை, மதில், படலை. எதையும் முழுதாகச் சொல்லி முடிக்க விடவில்லை. "இது எங்..." என்று அவள் குரல் தொடங்கும், அதற்குள் "இது சித்..." என்று மற்றக் குரல் வந்து சேரும். மின்விசிறி மேலே சுற்றிக்கொண்டிருந்தது. அவள் விரல் நிற்கவில்லை. நிறுத்து என்று சொல்ல எனக்கும் மனம் வரவில்லை.