கடலுக்குள் மூச்சுவிடப் பழகினேன்

முல்லைத்தீவுக் கடலில் மூச்சை அடக்கிச் சங்கு குளிப்பவன் நான். அதனால் காற்றுச் சிலிண்டரோடு சுழியோடும் பயிற்சி எனக்குச் சின்ன விசயம் என்றுதான் நினைத்தேன். எனக்குச் சோடியாக வந்தவா வவுனியாவில் வங்கியில் வேலை செய்யும் ஒரு அக்கா. முதல்நாள் சுழியோடும் முகக்கண்ணாடிக்குள் தண்ணீர் புகுந்ததும் பயந்து எழும்பிவிட்டா.

அடுத்த பயிற்சி இதுதான்: நெஞ்சளவு தண்ணீருக்கு அடியில் முழந்தாளிட்டு இருந்து, வாயிலுள்ள காற்றுக் குழாயைக் கழற்றி, மூச்சைக் குமிழிகளாக விட்டுக்கொண்டே திரும்பப் பொருத்தவேண்டும். நான் கழற்றிய உடனே வாயை இறுக மூடிக்கொண்டேன். பயிற்றுநர் என்னை மேலே கூப்பிட்டார்.

"மூச்சை அடக்காதேங்கோ. சிலிண்டர் காத்தை அடக்கிக்கொண்டு மேலை வந்தா நுரையீரல் கிழிஞ்சுபோம்."

இரண்டாம் தரமும் அதேதான். பழகிய உடம்பு சொல்வழி கேட்கவில்லை.

"இப்பிடியெண்டால் உங்களை ஆழத்துக்குக் கூட்டிக்கொண்டு போக ஏலாது" என்றார்.

அக்கா சிரிக்கவில்லை. "தம்பி, நான் பயத்திலை 'ஆ' எண்டு மெல்லச் சத்தம் போடுறனான். அப்ப மூச்சு தன்பாட்டிலை வெளியிலை போகுது. செய்து பாருங்கோ."

திரும்ப இறங்கினோம். அவா எதிரே இருந்து என் ஒரு கையைப் பிடித்துக்கொண்டா. குழாயைக் கழற்றி "ஆ" என்றேன். குமிழிகள் முகத்தைத் தடவிக்கொண்டு மேலே போயின. அவசரப்படாமல் குழாயை எடுத்து வாயில் வைத்து, ஊதித் தண்ணீரை வெளியேற்றி, ஆழமாக மூச்சிழுத்தேன்.

கடல் எனக்குத் தெரியும் என்று இப்போதும் சொல்வேன். ஆனால் அதற்குள் ஆறுதலாக மூச்சுவிட்டுக்கொண்டு இருக்கலாம் என்பதை, கடலுக்குப் பயந்த ஒரு அக்காவிடம்தான் பழகினேன்.